மழிக்காத தலைகளும் மோதி பாக்கும்

தில்லிக் குடிகள் – வரலாற்றுத் தொடர் – 11

தில்லியின் கடைவீதி அடைத்துக் கிடந்தது. எந்தப் படையும் நகரத்தை நெருங்கவில்லை. அவுரங்கசீப் தெற்கே தக்காணத்தில் கோட்டை மாற்றிக் கோட்டையாக முற்றுகை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கடையடைப்புக்குக் காரணம் ஒரு சாவு வீடு. குடும்பத்தில் மூத்தவர் இறந்தால் ஆண்கள் தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என்பது கத்ரி வணிகர்களின் குல வழக்கம். அந்த வீட்டார் மழிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சாதிப் பஞ்சாயத்து கூடியது. அவர்களோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது என்று முடிவானது. ஒதுக்கப்பட்டவர்களும் அசையவில்லை. பூசல் தெருவுக்கு வந்து, கடைகள் மூடி, நகர அதிகாரிகளின் காது வரை போன பிறகுதான் ஒருவழியாகச் சமாதானம் பிறந்தது.

குரு கோவிந்த சிங்கின் அவையைச் சேர்ந்த கவிஞர் சேனாபதி ‘ஸ்ரீ குர் சோபா’ என்ற தம் நூலில் இந்தச் சச்சரவை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நூல் அது. போர்க்களங்களைப் பாடும் அந்தக் காவியத்தில் தில்லி வணிகர்களின் மொட்டைத் தகராறுக்கு அத்தனை இடம் கிடைத்திருப்பது தற்செயல் இல்லை. அன்றைய சீக்கியருக்கு அதுவும் ஒரு போர்தான். எதிரே நின்றவர்கள் மொகலாயச் சிப்பாய்கள் அல்லர். பங்காளிகளும் சம்பந்திகளும் பக்கத்துக் கடைக்காரர்களும். தமிழ்நாட்டில் சாவு வீட்டில் தலைமுடி இறக்க மறுத்த ஒருவரை ஊர் என்ன பேசும் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த மறுப்பின் எடை விளங்கும்.

அந்தப் பூசலின் வேர் 1699-ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு வைசாகித் திருநாளில் ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங் கால்சா என்ற சீக்கியர் அமைப்பை நிறுவினார். அதில் சேர்ந்தவர் முடியை வெட்டக் கூடாது என்றானது. உருவிய வாளோடு கூட்டத்தின் முன் நின்று, தலை கொடுக்க யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டார் என்பது சீக்கியக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒருவர் பின் ஒருவராக எழுந்த ஐவரும் ஐந்து திசைக்காரர்கள். லாகூரின் கத்ரி தயா ராம், தில்லிக்கு வடகிழக்கே ஹஸ்தினாபுரத்து ஜாட் உழவர் தரம் தாஸ், பூரி ஜகந்நாதத்தில் தண்ணீர் சுமந்த ஹிம்மத் ராய், துவாரகையின் மோகம் சந்த், தெற்கே பீதரைச் சேர்ந்த நாவிதர் சாகிப் சந்த். ஓர் இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சர்க்கரைப் பதாசைகளைக் கரைத்து, இருபுறமும் கூரான வாளால் கலக்கி, அமிர்தம் எனப்படும் அதை அந்த ஐவருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து பருகக் கொடுத்தார் குரு. பிறகு அவர்கள் முன் மண்டியிட்டு, தமக்கும் அதே கிண்ணத்திலிருந்து கொடுக்கும்படி கேட்டு வாங்கிப் பருகினார்.

ஒரு கத்ரியும் ஒரு நாவிதரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பது அன்றைய இந்தியாவில் என்ன பொருள் தந்திருக்கும்? எச்சில் என்ற ஒற்றைக் கட்டுப்பாட்டின் மேல்தான் சாதியின் அன்றாடம் நின்றது. யார் கையில் தண்ணீர் வாங்கலாம், யார் தொட்டால் குடம் தீட்டு, யார் உண்ட இலையை யார் எடுப்பது என்பவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. அந்த வேரிலேயே கை வைத்தார் குரு. இன்றும் அமிர்தம் ஏற்கும் சீக்கியர்கள், மிச்சமிருக்கும் இனிப்புத் தண்ணீரை ஒரே கிண்ணத்திலிருந்து வாய் வைத்துத்தான் பருகுகிறார்கள்.

சீக்கியரின் கட்டுப்பாடுகளைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஐந்து அடையாளங்களையும் நான்கு விலக்குகளையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அப்படிச் சொன்னால் அது ஏதோ பழங்குடிச் சட்டம் போலத் தோன்றும். உண்மையில் இந்த மக்களின் விலக்குகள் பலவும் வேறு விலக்குகளை ஒழிக்க வந்தவை. அதோடு, பல சமூகங்களின் தடைகளைப் போல இவற்றின் தொடக்கம் காலத்தின் இருளில் மறைந்தும் போகவில்லை. எப்போது, யாரை எதிர்த்து, எதற்காக வந்தன என்று பெரும்பாலானவற்றுக்குச் சொல்ல முடிகிறது.

அந்தக் கதையைச் சொல்லத் தில்லியில் பொருத்தமான இடம் மோதி பாக்.

இன்றைய மோதி பாக் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. நகரைச் சுற்றி ஓடும் ரிங் ரோடு பக்கத்திலேயே போகிறது. மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்து நிலையத்துக்குப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இங்கே இருக்கிறது. பக்கத்து ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் முருகன் கோயிலான மலை மந்திர். ஆகவே தில்லித் தமிழர்களுக்கு இது அந்நியமான பகுதி அல்ல. பேருந்தில் போகும்போது வெண்பளிங்குக் கும்மட்டத்தைப் பார்த்து, கைகுவித்துவிட்டுப் போகிற தமிழர்கள் பலர். அந்தக் கும்மட்டம்தான் குருத்வாரா மோதி பாக் சாகிப்.

1707-இல் அவுரங்கசீப் அகமத்நகரில் இறந்தார். அரியணைக்காக மகன்கள் மோதிக்கொண்டனர். மூத்தவர் முவாசம், பின்னாளில் பகதூர் ஷா, குரு கோவிந்த சிங்கின் ஆதரவை நாடினார். அவ்வாண்டு குரு தில்லி வந்தபோது அவரும் அவருடைய ஆட்களும் நகருக்கு வெளியே மோதி பாகில் தங்கினர் என்பது மரபு. தாம் வந்திருப்பதை அறிவிக்க இங்கிருந்தே ஓர் அம்பை எய்தார். அது செங்கோட்டையில் இளவரசரின் காலடியில் போய் விழுந்தது. இளவரசர் அதை அற்புதம் என்று வியந்தபோது, இது அற்புதம் இல்லை, வில்வித்தை என்று எழுதிய சீட்டோடு இரண்டாவது அம்பு வந்தது என்று அந்த மரபு சொல்கிறது.

இங்கிருந்து செங்கோட்டை பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். வரலாற்றாசிரியர் இதை வரலாறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் கதையின் இரண்டாம் பாதியைக் கவனிக்க வேண்டும். தம் குருவைப் புகழ்வதற்காக மக்கள் கட்டிய கதையிலேயே, அற்புதம் என்ற சொல்லைக் குரு மறுக்கிறார். மந்திரம், தாயத்து, நாள் கோள், சகுனம் ஆகியவற்றைச் சீக்கியர் நம்பக் கூடாது என்ற விலக்கு எத்தனை ஆழமாக இறங்கியிருந்தால், கட்டுக்கதைகூட அதற்குக் கட்டுப்பட்டிருக்கும்!

மோதி பாகிலிருந்து அவர் ஆக்ரா போய்ப் பகதூர் ஷாவைச் சந்தித்தார். பின்னர் தெற்கே கோதாவரிக் கரையின் நாந்தேடில் 1708 அக்டோபரில் மறைந்தார். மனித குருக்களின் வரிசை தம்மோடு முடிகிறது, இனிக் கிரந்தம் என்ற புனித நூலே குரு என்று அவர் சொன்னதாகச் சீக்கியர் நம்புகிறார்கள்.

அதனால்தான் குருத்வாராவுக்குள் நுழைபவர் கடைப்பிடிக்கும் ஒழுங்குகள் ஒரு மனிதரின் அவைக்குரிய ஒழுங்குகளாக இருக்கின்றன. வாசலில் செருப்பைக் கழற்றிக் கால் கழுவ வேண்டும். சீக்கியரோ இல்லையோ, ஆணோ பெண்ணோ, தலையை மூட வேண்டும். துணி கொண்டு வராதவர்களுக்காக வாசலிலேயே கைக்குட்டைகள் வைத்திருப்பார்கள். பையில் பீடி சிகரெட் இருக்கக் கூடாது. உள்ளே கிரந்தத்துக்கு நேராகக் கால் நீட்டக் கூடாது, முதுகு காட்டிப் போகக் கூடாது. எவ்வளவு பெரிய மனிதருக்கும் தனி மெத்தையோ நாற்காலியோ கிடையாது, தரைதான். விடியுமுன் 1,430 பக்கங்கள் கொண்ட அந்த நூலைத் தலைமேல் சுமந்து வந்து விரிக்கிறார்கள்; இரவில் மூடி, உறங்க வைப்பது போல எடுத்துப் போகிறார்கள்.

அதே நேரத்தில், பக்தி அளவு மீறினால் தடுக்கும் விதிகளும் இருக்கின்றன. சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு 1930-களில் தொகுக்கத் தொடங்கி 1945 பிப்ரவரியில் இறுதி செய்த ‘சீக் ரஹித் மரியாதா’ என்ற நடத்தை நூலில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. கிரந்தம் வைத்த கட்டிலின் கால்களைப் பிடித்துவிடக் கூடாது. சுவரிலும் திண்ணையிலும் மூக்கைத் தேய்க்கக் கூடாது. கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வைத்து எடுத்துப் போகக் கூடாது. சிலை வைக்கக் கூடாது. குருக்களின் படத்தைக் கும்பிடவும் கூடாது. இவற்றையெல்லாம் மக்கள் செய்துகொண்டிருந்ததால்தானே எழுதி வைக்க வேண்டி வந்தது? ஒரு சமூகம் தன்னையே உற்றுக் கவனித்துக்கொண்ட தடயமாக இந்த விதிகளைப் படிக்கலாம்.

நான்கு பெரும் விலக்குகளுக்கு வருவோம். முடியை வெட்டுவது, முஸ்லிம் முறைப்படி அறுத்த இறைச்சி, பிறன்மனை நாடுவது, புகையிலை. இவற்றில் ஒன்றைச் செய்தால் கால்சாவிலிருந்து விலகியவராகிறார். மீண்டும் சபை முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அமிர்தம் ஏற்றால்தான் உள்ளே வரலாம்.

புகையிலையின் கதை விசித்திரமானது. மது, மாமிசம், மாதர் என்று வரும் பழைய விலக்குப் பட்டியல்களில் அது இடம்பெற்றிருக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் அந்தச் செடியே இந்தியாவில் இல்லை. போர்ச்சுக்கீசியர் வழியாக மேற்குக் கரையில் இறங்கிய புகையிலையை, பிஜாப்பூரிலிருந்து அக்பரின் அவைக்கு 1604-05 வாக்கில் கொண்டு வந்தவர் அசத் பேக் என்ற அதிகாரி. அரசவை மருத்துவர்கள் தடுத்தும் அக்பர் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தார். 1617-இல் ஜகாங்கீர் தடை போட்டார், யாரும் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பிறகு எண்பது ஆண்டுகளில் ஹுக்கா வட இந்தியாவின் ஒவ்வொரு திண்ணைக்கும் வந்துவிட்டது. அரசர் ஆணையால் ஒழியாத பழக்கத்தைக் கால்சா தன் உறுப்பினர்களிடம் ஒழித்துக் காட்டியது. சேனாபதியின் நூலிலேயே ஹுக்காவை விடச் சொல்லும் கட்டளை வருகிறது. ஹுக்கா வெறும் புகைப் பழக்கமாக இருக்கவும் இல்லை. ஒரே ஹுக்காவை யார் யாருடன் பகிர்கிறார் என்பதில் சாதி உறவு அடங்கியிருந்தது. சாதியை விட்டு விலக்குவதற்கு வட இந்திய ஊர்களில் இன்றும் வழங்கும் பெயர் ஹுக்கா–தண்ணீரை நிறுத்துவது என்பதுதான். ஹுக்காவையே விட்டவரை அதைக் காட்டி யார் மிரட்ட முடியும்?

இறைச்சி விலக்கும் பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. நடத்தை நூல் மாமிசத்தையே தடுக்கவில்லை. சடங்கு முறைப்படி அறுத்ததை மட்டும் தடுக்கிறது. ஒரே வெட்டில் கொன்ற ஆடு அதில் சேராது. ஆளும் வர்க்கத்தின் சமய முத்திரை பதிந்த உணவைத் தட்டில் ஏற்பதில்லை என்ற அரசியல் முடிவாக இதைப் பார்ப்பதே பொருத்தம். சைவ உணவை மட்டும் உண்ணும் சீக்கியப் பிரிவுகளும் உண்டு. குருத்வாராக்களின் பொதுப் பந்தியான லங்கரில் எங்கும் எப்போதும் மரக்கறிதான். யாரும் தயங்காமல் உட்கார வேண்டும் என்பதே காரணம். போதைப் பொருள் எல்லாமே கூடாது என்பது பொது விதி. ஆனால் நிஹாங் எனப்படும் நீல உடைப் போர்த்துறவிகளிடம் பாங் என்ற கஞ்சா பானம் குடிக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது.

லங்கரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மோதி பாகிலும் மற்ற குருத்வாராக்களிலும் பருப்பும் ரொட்டியும் கிடைக்கும் இலவசச் சாப்பாடாக மட்டும் அதைப் பார்ப்பவர்கள், அது உடைத்த தடையைப் பார்ப்பதில்லை. முதலில் பந்தி, பிறகு சபை என்பது மூன்றாம் குரு அமர்தாஸ் வைத்த ஒழுங்கு. கோயிந்த்வாலில் தம்மைப் பார்க்க வந்த யாரும் முதலில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து உண்ண வேண்டும். அக்பரும் அப்படி உட்கார்ந்துதான் உண்டார் என்பது மரபு. அமர்தாஸ் பெண்கள் முக்காடிட்டு முகத்தை மறைப்பதையும் உடன்கட்டை ஏறுவதையும் எதிர்த்தார். அவருக்கு முன்பே முதல் குரு நானக் பூணூலை மறுத்திருந்தார். பிரசவ வீட்டுத் தீட்டு என்பதையே ஏற்காமல், உண்மையான தீட்டு பேராசையிலும் பொய்யிலும்தான் என்று பாடினார். பிரசவம் பார்த்த அறைக்குள் நாள் கணக்கில் யாரும் நுழையாத வீடுகள் இருந்த நாட்டில், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த குரல் அது.

பந்தி உடைத்த தடைக்குத் தில்லி ஒரு பெரும் சாட்சியை வைத்திருக்கிறது. 1675 நவம்பரில் ஒன்பதாம் குரு தேக் பகதூர் சாந்தினி சவுக்கில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தத் தலையை எடுத்துக்கொண்டு ஆனந்தபூர் வரை சென்றவர் பாய் ஜைதா. துப்புரவுப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட, தொட்டாலே தீட்டு என்று சொல்லப்பட்ட சாதியில் பிறந்தவர். ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்த கோவிந்தர் அவரைக் கட்டித் தழுவி, குருவின் பிள்ளைகள் என்று அவருடைய மக்களை அழைத்ததாகச் சீக்கியர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். உடலை எடுத்துப் போனவர் லக்கி ஷா வஞ்சாரா என்ற வணிகர். ராய்சினாவிலிருந்த தம் வீட்டுக்குள் உடலை வைத்து வீட்டுக்கே தீ வைத்தார். அந்த இடத்தில்தான் இன்று நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ரகாப் கஞ்ச் குருத்வாரா நிற்கிறது.

இவ்வளவும் இருந்தும், இருநூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்து அமிர்தசரஸ் பொற்கோயிலில் நடந்ததைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1920 அக்டோபர் 12 அன்று ஜாலியன்வாலா பாகில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் அமிர்தம் ஏற்றனர். அங்கிருந்து ஊர்வலமாகப் பொற்கோயிலுக்குப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த பிரசாதத்தை ஏற்க முடியாது என்று அர்ச்சகர்கள் மறுத்தார்கள்! வாக்குவாதம் முற்றியபோது, கிரந்தத்தையே திறந்து பார்ப்போம் என்று முடிவாயிற்று. திறந்த பக்கத்தின் பாடல் வந்தவர்களுக்கு ஆதரவாக அமைந்தது. அர்ச்சகர்கள் வேறு வழியின்றிப் பணிந்தார்கள். அங்கேயே இருக்கும் சமயப் பீடமான அகால் தக்த்தில் இருந்தவர்களோ இடத்தைவிட்டே போய்விட்டார்கள். காலியான அந்தப் பொறுப்பைச் சீர்திருத்தக்காரர்கள் கையில் எடுத்தனர். ஏறக்குறைய ஒரு மாதத்தில், நவம்பரில், சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு பிறந்தது. இந்தச் சீர்திருத்தக்காரர்களின் அகாலி இயக்கம் நடத்திய பெரும் போராட்டங்கள் எல்லாம், யார் கைப் பிரசாதத்தை வாங்கலாம் என்ற அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியவை.

அந்த அகாலிகள்தான் நான்கே ஆண்டுகளில் தமிழருக்கு மிகவும் அறிமுகமான ஓர் ஊரில் அடுப்பு மூட்டினார்கள். 1924 மார்ச் 30-இல் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. ஏப்ரல் நடுவில் பெரியார் போய்ச் சேர்ந்தார். அம்மாத இறுதியில் பஞ்சாபிலிருந்து வந்த அகாலிகள் தொண்டர்களுக்காக அங்கே லங்கர் திறந்தனர். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே தடை இருந்த ஊரில், சாதி பாராமல் சோறு போடும் சமையற்கூடம். காந்தி இதை விரும்பவில்லை. இது இந்துக்கள் தங்களுக்குள் தீர்க்க வேண்டிய விஷயம், வெளியிலிருந்து வரும் இலவசச் சாப்பாடு உள்ளூராரின் தன்மானத்துக்குப் பொருந்தாது என்பது அவர் கருத்து. லங்கர் மூடப்பட்டது. காந்தியின் வாதத்தில் போராட்டத் தந்திரத்தின் நியாயம் இருக்கலாம். ஆனால் சேர்ந்து உண்ணுவதைத்தான் அந்தப் போராட்டத்தின் சாரம் என்று பார்த்தால், அகாலிகளைத் திருப்பி அனுப்பியது இழப்புதான். அதே நாட்களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் தமிழ்நாட்டுக் காங்கிரசையே பிளந்துகொண்டிருந்தது. பந்தி என்பது சின்ன விஷயமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பிறப்பு முதல் இறப்பு வரையிலான சீக்கியச் சடங்குகளிலும் இந்த மறுப்பு தொடர்கிறது. குழந்தைக்குப் பெயர் வைக்க நட்சத்திரம் பார்ப்பதில்லை. கிரந்தத்தை ஏதாவது ஓர் இடத்தில் திறந்து, அங்கே தொடங்கும் பாடலின் முதல் எழுத்தில் பெயர் தேர்கிறார்கள். ஆணுக்குச் சிங், பெண்ணுக்குக் கௌர். ஒரே பெயர் ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். மூக்கும் காதும் குத்துவதை நடத்தை நூல் விலக்குகிறது. திருமணத்துக்கு முகூர்த்தம் கிடையாது, ஜாதகப் பொருத்தம் கிடையாது, வரதட்சணை கூடாது. மணமக்கள் கிரந்தத்தை நான்கு முறை வலம் வந்தால் திருமணம் முடிந்தது. இந்த ஆனந்த் காரஜ் முறைக்கு 1909-இல் சட்ட ஏற்பு கிடைத்தது. அந்தச் சட்டத்தின் கீழேயே பதிவு செய்துகொள்ளும் வசதி 2012 திருத்தத்தில்தான் வந்தது.

சாவைப் பற்றிய விதிகள் இன்னும் கூர்மையானவை. உயிர் போகும் நேரத்தில் ஆளைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்தக் கூடாது. தலைமாட்டில் விளக்கு ஏற்ற வேண்டாம். பசு தானம் வேண்டாம். மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டாம். எரித்த இடத்தில் நினைவுச் சின்னம் கட்ட வேண்டாம். பிறகு திதியும் சிராத்தமும் கிடையாது. தலை மழிப்பதோ, சொல்லவே வேண்டாம். வட இந்தியச் சாவுச் சடங்கின் ஒவ்வொரு படியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தில்லிக் கடைவீதியில் நடந்த பூசலைப் போல எத்தனை ஊர்களில் எத்தனை குடும்பங்கள் பங்காளிகளோடு மல்லுக்கு நின்றிருந்தால் இந்தப் பட்டியல் உருவாகியிருக்கும்!

முடியை நவீன அரசும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மோதி பாக் உட்படத் தில்லியின் வரலாற்றுக் குருத்வாராக்களை நிர்வகிக்கும் குழு, 1971-ஆம் ஆண்டின் தில்லி சீக்கிய குருத்வாராச் சட்டத்தின்படி தேர்தலில் உருவாவது. மழிக்காத முடி வைத்திருப்பவரே சீக்கியர் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. தாடியைக் கத்தரிப்பவர், புகைப்பவர், மது அருந்துபவர் ஆகியோருக்கு வாக்காளர் பட்டியலில் இடமில்லை. பழைய விலக்குகள் வாக்குரிமை விதிகளாகவே மாறிய அபூர்வமான இடம் இது. கிர்பான் என்ற குறுவாளை அணிவதை அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் விளக்கமே சீக்கியரின் சமய உரிமையாக ஏற்கிறது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இங்கிலாந்தில் தலைப்பாகையைக் கழற்ற மறுத்த ஒரு பள்ளி மாணவருக்காக நடந்த வழக்கில், 1983-இல் பிரபுக்கள் சபை சீக்கியரைத் தனி இனக்குழுவாகவே ஏற்றுத் தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டிலேயே, தில்லியில், அந்த முடி உயிருக்கு விலையாயிற்று. 1984 அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பின் தொடங்கிய படுகொலையில் இந்நகரில் மட்டும் 2,733 பேர் இறந்ததாக அரசு அமைத்த குழு கணக்கிட்டது. தலைப்பாகையும் தாடியும் தூரத்திலிருந்தே ஆளைக் காட்டிக்கொடுத்தன. பிள்ளைகளின் முடியைத் தாய்மார்களே கத்தரித்துக் காப்பாற்றிய வீடுகள் உண்டு. பெண்ணுடை உடுத்தித் தப்பிய ஆண்களும் உண்டு. முடியை இழந்து உயிர் பிழைத்தவர்களில் பலர் பின்னர் மீண்டும் வளர்த்தார்கள். சிலர் வளர்க்கவே இல்லை. இரு சாராரையும் குறை சொல்ல வெளியாருக்கு உரிமை கிடையாது.

விதி இருந்தும் நடப்பு பின்தங்கிய இடங்களும் இருக்கின்றன. பெண் சிசுவைக் கொல்பவரோடு எந்த உறவும் கூடாது என்பது மிகப் பழைய சீக்கிய விலக்குகளில் ஒன்று. ஆனால் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சீக்கியரிடம் இருந்த பெண் குழந்தைகள் 786 பேர்தான். நாட்டின் பெரிய சமயங்களிலேயே அதுதான் மிகக் குறைவு. அதே ஆண்டில் அகால் தக்த், பெண் கருவை அழிப்பவரைச் சமூகத்திலிருந்து விலக்குவதாக ஆணை வெளியிட வேண்டியதாயிற்று. தீட்டை முதலிலேயே மறுத்த சமயத்தின் தலைமைக் கோயிலில், பொற்கோயிலின் உள்ளே, கீர்த்தனை பாடும் இடம் இன்னும் ஆண்களுடையதாகவே இருக்கிறது. அதை மாற்றக் கோரி 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

மோதி பாகில் குரு தங்கிப் போன பிறகு அந்த இடம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அடையாளமில்லாமல் கிடந்தது. 1783 மார்ச் மாதம் சீக்கியத் தலைவர் பாகேல் சிங் பெரும்படையோடு தில்லிக்குள் நுழைந்தார். பேரரசர் இரண்டாம் ஷா ஆலமோடு பேரம் பேசினார். நகரின் சுங்க வருவாயில் ரூபாய்க்கு ஆறணா தமக்கு என்றும், குருக்கள் தொடர்புடைய இடங்களில் குருத்வாராக்கள் கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொண்டு, அவ்வாண்டு முடிவதற்குள் ஏழு குருத்வாராக்களை எழுப்பினார். மோதி பாக் அவற்றில் ஒன்று. அந்தப் பேரத்தில் நடுவராக நின்றவர் பேகம் சம்ரு. அவருடைய கதையும் பாகேல் சிங்கின் ஒன்பது மாதத் தில்லியும் அடுத்த இதழில்.

(தொடரும்)